முகமூடிக்காரனுக்குக் கயிறு பிடித்தவர்

நேற்றுப் பார்த்த படத்தில் காமிக்ஸ் வில்லன் கடலில் விழுந்து மூழ்கியதும், பக்கத்திலிருந்த அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். குளிரூட்டிய அரங்கில் எனக்குப் பழைய தூத்துக்குடிக் கொட்டகையின் பீடிப்புகை மூக்கில் ஏறியது.

எழுபதுகளில், படக்கதை வில்லன் ஒருவனைப் படமாக்க எங்கள் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். முகமூடி போட்டு, நடிகருக்குப் பதிலாகக் கடலில் குதித்தவர் சங்கு குளிக்கும் என் அப்பா. படம் வந்தபோது தெருவே கொட்டகையில் இருந்தது. வில்லன் செய்த கொலைகளையெல்லாம் எங்கள் தெரு மன்னித்துவிட்டது. அவன் மூழ்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் மேலே வராமலே திரையில் கதாநாயகனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. சங்கெடுக்க மூழ்கும் அப்பாவை மேலே இழுக்கத் தோணியில் கயிறு பிடிக்கும் என் தாய்மாமா எழுந்து நின்று கத்தினார்: "ஏலே, கயித்த இழுங்க! மச்சான் உள்ள கெடக்காருல்லா!"

அம்மா அழுதேவிட்டாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அப்பா சிரித்தார். "ஏளா, நான் இங்கனதான இருக்கேன்."

அப்பா இறந்து பல வருஷமாகிறது. நேற்றுப் படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். எல்லோரும் வெளியே போனார்கள். அம்மா வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவோமாம்மா?"

"செத்த இருலே," என்றாள். "மேல வந்துருவாரு."