செல்லாத்தாள் பாடிய இரண்டு பாட்டு

ஒண்டிப்புதூர் அங்கப்பக் கவுண்டர் மனைவி செல்லாத்தாளுக்கு வாய்த்த வாழ்க்கை, புருசனுக்கும் அண்ணனுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்த வாழ்க்கை. அந்த இரண்டு ஆண்களும் சண்டை போட்டது வாய்க்கால் தண்ணீருக்கோ வரப்புக்கோ இல்லை. பாட்டுக்காரிகளுக்காக!

அங்கப்பனுக்கு உயிர் தேனம்பாக்கம் கமலவேணி. கோபிசெட்டிபாளையத்தில் இருந்த அண்ணன் ஆறுச்சாமிக்கோ மணல்மேடு ராஜலோசனியை விட்டால் உலகத்தில் வேறு குரலே கிடையாது. ஒரு கச்சேரிக்காவது போய்க் கேட்டவர்களா என்றால் அதுவும் இல்லை. இருவர் வீட்டிலும் ஆளுக்கொரு கிராமபோன் பெட்டி, அவ்வளவுதான். முகம் பார்த்தது பிளேட்டு உறையில் இருந்த படத்தில். இந்த லட்சணத்தில் மீசை முறுக்கல் வேறு.

ஒரு தை மாதம் விருந்துக்கு வந்த ஆறுச்சாமி, கமலவேணி பிளேட்டைக் கேட்டுவிட்டு, "என்னங்க மாப்ளே, மூக்குலயே பாடறா? சளி புடிச்சிருக்குதா?" என்றார்.

"உங்க ராஜலோசனியைப் போட்டா எங்கூட்டு எருமை பால் கறக்க உடாதுங்க" என்றார் அங்கப்பன்.

ஆறுச்சாமி பாதிச் சோற்றில் எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு தங்கச்சி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொங்கல் சீரும் நின்றுபோனது.

செல்லாத்தாள் மகள் பாவாத்தாளுக்குக் கல்யாணம் முடிவானபோதுதான் சிக்கல் பெரிதானது. தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வராமல் எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கும் தாலி ஏறாது. மாமன் உயிரோடு இருந்தும் வரவில்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். செல்லாத்தாள் கோபிக்குப் போய் அழுதாள். அண்ணன் ஒருவழியாக இறங்கி வந்தார். ஆனால் பந்தலில் ராஜலோசனிதான் பாட வேண்டுமாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், துண்டில் சுற்றிய பிளேட்டோடு ஆறுச்சாமி வந்து இறங்கினார். வந்தவர் வாசலில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகப் பெட்டியிடம் போய்க் கமலவேணியை எடுத்துக் கீழே வைத்தார். அங்கப்பன் ஓடிவந்து சாவிக் கைப்பிடியைப் பிடித்தார். ஆறுச்சாமியும் விடவில்லை. இருவரும் மாறி மாறி முறுக்கியதில் உள்ளே சுருள்வில் படீரென்று அறுந்தது.

"வாரேன் அம்மணி. பட்டம் கட்ட வேற ஆளைப் பாத்துக்க" என்று ஆறுச்சாமி பையைத் தூக்கினார்.

"போகட்டும் உடு" என்றார் அங்கப்பன். பெற்ற மகள் கல்யாணம்! இப்படிப்பட்ட மனுசனை என்ன சொல்லித் திட்டுவது?

செல்லாத்தாள் அடுக்களை நிலைப்படியில் நின்றாள். ஒரு பொம்பளை குரலுக்காக இத்தனை அடித்துக்கொள்கிறவர்கள், அந்தக் குரலைக் கேட்டால் குளிர்ந்துவிடுவார்கள் என்று நம்பினாள். பாவம், அந்த ஒன்றில்தான் அவள் கணக்குத் தப்பியது. வாயைத் திறந்து ராஜலோசனியின் பாட்டைப் பாடினாள். நிறுத்தாமல் கமலவேணியின் பாட்டையும் பாடினாள். பெட்டியைத் தொடக்கூட விடாத வீட்டில், அடுப்படியில் இருந்தே காதால் பிடித்த பாட்டுகள். ஒரு சங்கதி பிசகவில்லை. நான் பந்தலில் தென்னங்கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

ஆறுச்சாமிக்குத் தலைகூட ஆடியது. பந்தல் ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்பதைப் பார்த்தாரோ இல்லையோ, முகம் கறுத்துவிட்டது.

"நிறுத்து! நாலு பேரு கேக்கறாங்க. நம்மூட்டுப் பொம்பள என்ன பாட்டுக்காரியா?"

"மச்சான் சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க" என்றார் அங்கப்பன். "மானமே போச்சு. உள்ள போ புள்ளே!"

மச்சான்! எத்தனையோ நாளாக அந்த வாயில் வராத வார்த்தை. இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்தார்கள். பொம்பளைகள் காதில் பாட்டு விழுந்ததுதான் இத்தனை கேட்டுக்கும் காரணம் என்று பேசி முடித்தார்கள். பெட்டியை ரிப்பேர் செய்து தோட்டத்துச் சாளைக் குடிசையில் வைத்துக்கொள்வது, இருவர் பிளேட்டையும் அங்கேயே போட்டுக் கேட்பது என்று முடிவானது. ஆறுச்சாமி பையை மறுபடி உள்ளே வைக்கச் சொன்னார்.

மறுநாள் மாமன் பட்டம் கட்டினார். செல்லாத்தாள் எதற்காக அழுதாளோ அது நடந்துவிட்டது. எனக்குத்தான் அந்த இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மணவறைக்குக் கிளம்பும் முன், பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் பாவாத்தாள், "நேத்து நீங்க பாடுனீங்களே, அதுதானுங்கம்மா காதுலயே நிக்குது" என்று சொல்லி, அதன் முதல் அடியை மெல்ல முணுமுணுத்தாள். அம்மாவின் குரல் அப்படியே மகளுக்கும் இருந்தது.

செல்லாத்தாள் அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"மூச்சு உடாதே கண்ணு. உன்ற மாமனுக்குக் கேட்டுப்போடும்."