டமராக் தெருவில் எலும்புக்கூடுகள் உள்ளே போன வருடம்

டமராக் தெருவில் ஒரு குடும்பத்தின் அந்தஸ்தைத் தெரிந்துகொள்ள அக்டோபர் மாதத்தில் அதன் வாசல் புல்வெளியைப் பார்த்தால் போதும். பேய்விழா அலங்காரமாக ஆறடி பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றால் நடுத்தரம். எட்டடி என்றால் கையில் நாலு காசு இருக்கிறது. மூலைவீட்டு கர்ட் ஸ்டெம்பலிடம் பன்னிரண்டடி எலும்புக்கூடு இருந்த ஒரே காரணத்தால் பள்ளி வாரியத் தேர்தலுக்கு நிற்கச் சொல்லி ஆட்கள் வந்து அவரை வேண்டிக்கொண்டார்கள். அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு சிற்றூரில் மனிதன் இதைவிட உயரமாகப் போக வழியில்லை.

ஜொலீன் ப்ரூகர் வீட்டில் எலும்புக்கூடு கிடையாது. கல்லறைகள் உண்டு, பதினொன்று. அவள் கணவன் டுவெய்ன் தெர்மோகோலில் வெட்டிச் சாம்பல் வர்ணம் பூசியவை. ஒவ்வொன்றிலும் உயிரோடிருக்கும் தெருக்காரர் ஒருவரின் பெயரும், கேலிக்காக அவர் செத்த விதமும் இருக்கும். "மார்வா லின்ட்குவிஸ்ட். திரும்பி வராத பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது." கல்லறை கிடைக்காதவர்கள் டுவெய்னைக் கடைத்தெருவில் கண்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

இவர்கள் மகள் ஹேட்டி பிறந்தது அக்டோபர் முப்பது. இந்த ஊரில் குழந்தைகள் பேய்வேடம் போட்டு மிட்டாய்க்கு வீடுவீடாகப் படியேறும் நாளும் அதுதான். ஆகவே ஹேட்டிக்குப் பிறந்தநாள் விழா என்றால் பேய்விழா. நாலு மணிக்குக் கேக், நாலரைக்குக் கல்லறை. கல்லறைகளுக்கு நடுவே சருகுக்குவியலுக்குள் டுவெய்ன் பிணமாகப் படுத்திருப்பான். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகும்போது கணுக்காலைப் பிடிப்பான். போன வருடம் ஒரு பையன் வீடுவரை ஓடிப்போய்விட்டான். அவனைத் திரும்பக் கூட்டிவர இரண்டு கார் போயிற்று. மிக வெற்றிகரமான விழா என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

மார்ச் மாதம், பக்கத்து வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது டுவெய்ன் மண்வெட்டியோடு உட்கார்ந்தான். எழவில்லை. வயது நாற்பத்து மூன்று.

ஊர் செய்யவேண்டியதைச் செய்தது. சேமியாவும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் வாட்டிய பதார்த்தம் இருபத்து மூன்று தட்டுகளில் வந்து இறங்கியது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டி உரிமையாளர் பெயர் எழுதியிருந்தது. துக்கம் வேறு, தட்டு வேறு. ஜொலீன் எல்லாவற்றையும் உறைபெட்டியில் அடுக்கினாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் கன்னம் மரத்துப்போவதுபோல அவளுக்கு முழுதாகவே மரத்துப்போயிருந்தது. இரண்டாம் வாரமே மாவட்ட அலுவலகத்தில் வண்டி நம்பர் பலகை புதுப்பிக்கும் தன் சன்னலுக்குத் திரும்பினாள். அந்த இடத்தில் யாரும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

செப்டம்பரில், சன்னலில் கூட்டமில்லாத ஒரு மதியம், விழாவுக்குப் பட்டியல் போட்டாள். கேக், பூசணிக்காய் பன்னிரண்டு, சூடான ஆப்பிள் சாறு, கண்கட்டிக்கொண்டு தொட்டுப்பார்க்க உரித்த திராட்சை: அதுதான் கண்விழி. அழைப்பு ஒன்பது பேருக்கு. அக்டோபர் முதல் சனிக்கிழமை, பட்டியலில் இருந்தபடியே, பதினொரு கல்லறைகளையும் தூக்கிவந்து புல்வெளியில் நட்டாள்.

தெருவே திகைத்துப்போனது. காரணம், மார்வா லின்ட்குவிஸ்ட் செப்டம்பரிலேயே வீட்டுக்கு வீடு தொலைபேசியில் பேசி ஒரு பெரிய மரியாதையை ஏற்பாடு செய்திருந்தாள். துக்கவீடு இருக்கிற தெருவில் இந்த வருடம் எலும்புக்கூடு, பிணம், சிலந்தி, ரத்தம் எதுவும் கூடாது. பூசணிக்காய் வைக்கலாம், அதில் பேய்முகம் வெட்டக்கூடாது. எல்லாரும் மனமுருகிச் சம்மதித்தார்கள். கர்ட் தன் பன்னிரண்டடிக்காரனை மூன்று துண்டாக்கி நிலவறையில் கிடத்தினார். இதை ஜொலீனிடம் சொன்னால் மனசு புண்படும் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது தெரு முழுக்கச் சைவப் பூசணிக்காய்கள். சாவு நடந்த ஒரே வீட்டில் மட்டும், உயிரோடிருக்கும் பதினொரு பேரின் கல்லறைகள். தெருக்காரர்கள் அந்தப் பக்கம் கார் ஓட்டும்போது எதிர்ப்பக்கச் சோளத்தட்டையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஜொலீன் கவனிக்கவில்லை. ஹேட்டி கவனித்தாள்.

"அம்மா, நம்ம தெருவுல எல்லாரும் எம்மேல கோவமா இருக்காங்களா?"

"ஏன்டி?"

"யாருமே பேய் வைக்கல. எங்கிட்டச் சிரிக்கிறாங்க, ஆனா பல்லு தெரியாம சிரிக்கிறாங்க. ஐவியோட அம்மா அவளை என் பிறந்தநாளுக்கு அனுப்ப மாட்டாங்களாம். 'பாவம், அந்த வீட்டுல போய்'ன்னு சொன்னாங்களாம். அந்த வீடுன்னா நம்ம வீடுதானே?"

ஜொலீன் பதில் வந்த அழைப்புகளை எடுத்துப் பார்த்தாள். ஒன்பதில் ஏழு வீட்டில் அன்றைக்கு உறவினர் வருகை. ஏழு வீட்டு உறவினர்களும் ஒரே நாளில் வரும் அளவுக்கு ஊர் பெரிதல்ல.

"எனக்குப் பிறந்தநாளே வேணாம்னு சொன்னா அவங்களுக்குச் சந்தோஷமா இருக்குமா?" என்றாள் ஹேட்டி. அழாமல்தான் கேட்டாள். இந்தக் குழந்தையும் மரத்துப்போகக் கற்றுக்கொண்டுவிட்டது என்பது ஜொலீனுக்குப் புரிந்தது. வலிக்கவில்லை. ஆனால் இது கூடாது என்று தெரிந்தது. பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "மார்வா. தட்டு."

மார்வா பெயர் ஒட்டியிருந்த தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். இந்த ஊரில் யாரும் வந்த காரியத்தை உட்கார்ந்து பேசுவதில்லை. உட்கார்ந்தால் மழை, சோள விளைச்சல், யாருக்கோ முழங்கால் அறுவை. காரியம் இருந்தால், தொடையைத் தட்டி "சரி, அப்ப வரட்டுமா" என்று எழுந்து, கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். ஜொலீன் நாற்பது நிமிஷம் முழங்காலைப் பற்றிக் கேட்டாள். பிறகு தொடையைத் தட்டினாள். எழுந்தாள். கதவுப்பிடியைப் பிடித்தாள்.

"மார்வா, எலும்புக்கூடெல்லாம் எங்க போச்சு?"

மார்வா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கண்ணு, உனக்காகத்தான். நீ காலையில சன்னலத் தொறந்தா எதிர்ல ஒரு மண்டையோடு நின்னா எப்படி இருக்கும்?"

"போன வருஷமும் நின்னுச்சே."

"போன வருஷம் வேற, இந்த வருஷம் வேற இல்லியா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மார்வா. மண்டையோட்டப் பாத்தாலும் ஒண்ணும் ஆகல, உங்க பூசணிக்காயைப் பாத்தாலும் ஒண்ணும் ஆகல."

"அது வரும்மா. நேரம் வந்தா வரும்."

"வர்றப்ப வரட்டும். ஹேட்டிக்கு எட்டு வயசு வெள்ளிக்கிழமை வருது. அது தள்ளிப்போகாது. நீங்கள்லாம் மரியாதை பண்றேன்னு எம்புள்ளையோட பிறந்தநாளையும் சேத்துப் பொதைச்சிட்டீங்க. அவளுக்குப் பயப்படணும். அவ்வளவுதான் கேக்குறா."

"அந்தக் கல்லறைய நீ நட்டப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எம்பேரப் போட்டு நீ பழிவாங்குறேன்னு."

"அது டுவெய்ன் போட்டது. நாலு வருஷமா அங்கதான் இருக்கு."

"தெரியும், தெரியும். ஆனா அந்தப் பாத்திர விஷயம் உண்மையில்ல, அதச் சொல்லிக்கிறேன்," என்றாள் மார்வா. சொல்லிக்கொண்டே தட்டைத் திருப்பி அடியில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். மரியாதையை ஏற்பாடு செய்த அதே வேகத்தில் அதைக் கலைக்கவும் அவளால் முடிந்தது. அன்று மாலைக்குள் ஏழு வீட்டு உறவினர்களும் பயணத்தை ரத்துசெய்தார்கள்.

வியாழக்கிழமை தெரு முழுக்க நிலவறைக் கதவுகள் திறந்தன. கர்ட் பன்னிரண்டடிக்காரனை நிறுத்தி, கயிறு கட்டி, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜொலீன் வீட்டுப் படியில் வந்து நின்றார். வந்தவர் உட்காரவில்லை, ஆகவே காரியம் உடனே வெளியே வந்தது.

"ஜொலீன், அந்தப் பொணம் விஷயம். டுவெய்ன் படுப்பானே. வேணும்னா நான் படுக்குறேன். தப்பா நெனக்காதே."

ஜொலீன் பட்டியலைப் பார்த்தாள். பிணம் என்ற வரியையே அவள் எழுதியிருக்கவில்லை.

"கர்ட் வேணாம்," என்றாள் உள்ளேயிருந்து ஹேட்டி. "அவரு சிரிச்சிடுவாரு. தொப்பை ஆடும், சருகெல்லாம் விழுந்துடும். அம்மா படுக்கட்டும். அம்மா மூஞ்சி ஆடவே ஆடாது."

கர்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜொலீன் எழுதினாள்: "பிணம்: நான்."

வெள்ளிக்கிழமை ஒன்பது பேரும் வந்தார்கள். கேக் முடிந்தது. உரித்த திராட்சையைத் தொட்ட ஒரு சிறுமிக்கு வாந்தி வந்தது. தாய்மார்கள் திருப்தியோடு தலையசைத்தார்கள். நாலரைக்கு ஜொலீன் சருகுக்குள் படுத்தாள். மார்வாவே வந்து கழுத்துவரை மூடி, முகத்தின்மேல் மட்டும் இலைகளை ஒவ்வொன்றாக வைத்தாள், பரிமாறுவதுபோல.

உள்ளே ஈரமாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாக, எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கமுடியாத இடம். தெருவே சம்மதித்து அவளைச் செத்தவளாக இருக்க விட்டிருந்தது. ஜொலீன் அசையாமல் கிடந்தாள். பிள்ளைகளின் காலடி வந்தது, நின்றது. அவளுக்குக் கையை நீட்டத் தோன்றவில்லை. ஒருவன் தாண்டிப் போனான். இன்னொருத்தி தாண்டிப் போனாள். ஒன்றும் நடக்கவில்லை.

"நெசமாவே தூங்கிட்டாங்களா?" என்றது ஒரு குரல்.

"இல்ல, என்னவோ ஆயிடுச்சு," என்றது இன்னொன்று. கர்ட் இரண்டடி முன்னால் வந்து, மேலே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

கோடுபோட்ட காலுறை ஒன்று இலைகளின் இடுக்கில் வந்து நின்றது. தாண்டவில்லை. காத்திருந்தது.

ஜொலீன் கை நீட்டிக் கணுக்காலைத் தொட்டாள்.

"இப்படி இல்லம்மா," என்றாள் ஹேட்டி, குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல். "அப்பா புடிச்சா அச்சு விழும். நாளைக்கு வரைக்கும் இருக்கும்."

ஜொலீன் பிடித்தாள். காலுறைக்குள் சின்ன எலும்பு, அதைச் சுற்றி வெதுவெதுப்பான தோல். விடாமல் இறுக்கினாள், வேண்டியதைவிட அதிகமாகவே. ஹேட்டி அலறினாள். நடிப்பில்லாத அலறல். எட்டுப் பிள்ளைகள் எட்டுத் திசையில் ஓடினார்கள். மார்வாவின் கையிலிருந்த ஆப்பிள் சாறு அவளுடைய சொந்தக் கல்லறைமேல் கொட்டியது. தெருக்கோடியில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து நிறுத்தவேயில்லை.

ஹேட்டி புல்லில் உட்கார்ந்து காலுறையைக் கீழே இறக்கிப் பார்த்தாள். நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. யாரும் தொடக்கூடாது என்று அறிவித்துவிட்டு ஓடாமல் நின்ற ஐவிக்கு மட்டும் காட்டினாள். பிறகு சருகுக்குவியலின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஓடினவங்கள கூட்டிட்டு வர்றேன். எல்லாரும் வரிசையா வருவாங்க. எந்திரிக்காதே."

"சரி," என்றாள் ஜொலீன். சரிந்திருந்த இலைகளைத் தானே அள்ளி முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள்.