மிலிட்டரி அனுபவம் தேவை

வாட்ஸ்அப்பில் வந்த அந்த விளம்பரத்தைத் துலுக்காணம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார், கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். “மிலிட்டரியில் அனுபவம் உள்ள ஆள் உடனே தேவை. சித்தூர், காட்பாடி ரோடு. பிரேமலதா.” அடியில் ஒரு போன் நம்பர். வாட்ச்மேன் என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை!

பதினேழு வருஷம் ராணுவத்தின் சப்ளை பிரிவில் இருந்தவர் அவர். லடாக்கில் பனிச்சரிவு விழுந்த ரோட்டில் லாரி வரிசையை நடத்திப் போய் சோறும் மண்ணெண்ணெயும் சேர்த்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று சித்தூர் பக்கத்திலிருக்கும் சொந்த ஊரான கங்காதர நெல்லூருக்கு வந்த பிறகு, சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை கேட்டு ஏறாத படி இல்லை. நம் முதலாளிமார் இருக்கிறார்களே, ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்ற இவரைக் கூப்பிட்டு மாலை போடுவார்கள். பதினாறாம் தேதி போய் வேலை கேட்டால், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டுவார்கள். மிலிட்டரி என்றால் அவர்களுக்கு வாசல்தான் ஞாபகம் வரும். உள்ளே கூப்பிட்டால் கூரை இடிந்துவிடும் போல!

கடைசியில் வேறு வழியில்லாமல் டெல்லியில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காட்பாடியில் ரயில். அவர் மனைவி சந்தியா கறுப்பு டிரங்குப் பெட்டியில் துணிமணி அடுக்கிவிட்டாள். அவர்கள் மகள் பிரித்திகா மட்டும் நைனாவோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அப்பா இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குப் பழகத் தொடங்கியிருந்தது. இந்த வேலை கிடைத்தால் ரயில் இல்லை. உடனே போனைப் போட்டார்.

“மிலிட்ரியில எத்தினி வருசம்ணா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டாள் பிரேமலதா.

“பதினேழு, மேடம்.”

“அம்மாடி! எந்தெந்த ஊர்ல?”

“பெங்களூர்ல ஆரம்பிச்சேன். அப்பறம் ஜபல்பூர், லடாக்.”

“லடாக்லகூட மிலிட்ரி கீதா!”

“அங்கதான் மேடம் நெறைய கீது.”

“ஒரு வேளைக்கு எத்தினி பேருக்குப் பாப்பீங்க?”

“பட்டாலியனுக்கே பாத்திருக்கேன் மேடம்.”

“ரொம்ப சந்தோஷம்ணா. ஞாயித்துக்கெழம கட தெறப்பு. காலையிலயே வந்துடுங்க!”

துலுக்காணம் வீட்டுக்குள் ஓடிச் செய்தியைச் சொன்னார். சந்தியா பெட்டியை மூடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. “மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

ஞாயிறு காலை, இஸ்திரி போட்ட சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு போய் இறங்கியவர், போர்டைப் பார்த்து நின்றுவிட்டார். ‘ஸ்ரீ பிரேமலதா மிலிட்டரி ஹோட்டல்’. ஆட்டுக்கறி, கோழிக்கறி சமைக்கிற கடைக்கு இந்தப் பக்கத்தில் மிலிட்டரி ஹோட்டல் என்றுதான் பெயர், சுருக்கமாக மிலிட்டரி. ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பதினேழு வருஷம் வேறொரு மிலிட்டரியில் இருந்த மனிதருக்கு அது மறந்தே போயிருந்தது.

“வாங்க மாஸ்டர்!” என்று ஓடிவந்த பிரேமலதா மெடல்களைப் பார்த்ததும், “நீங்க மாஸ்டர்தானே?” என்று இழுத்தாள்.

“மேடம், எனக்கு வெங்காயம்கூட ஒழுங்கா அரிய வராது” என்று உள்ளதைச் சொன்னார் துலுக்காணம்.

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “நீங்க வரீங்கன்னு சொல்லிதானேண்ணா வரேன்னு இருந்த சமையல் மாஸ்டர வேணாம்னுட்டேன்! ஊரெல்லாம் நோட்டீசு குட்த்துட்டேன். தேவுடா, நான் இன்னா பண்ணுவேன்!”

துலுக்காணத்துக்கும் அழுகைதான் வந்தது. இப்போது கிளம்பினால் ரயிலைப் பிடித்துவிடலாம். ஆனால் சமையல்கட்டிலிருந்து வந்த சண்டைச் சத்தம் அவரைப் போகவிடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பில் பெரிய அண்டா. அதற்கு அந்தப் பக்கம் செங்கம்மா, இந்தப் பக்கம் சீனு. இரண்டு பேருமே உதவி ஆட்கள், இரண்டு பேர் கையிலும் கரண்டி.

“இங்க யாருக்கு பிரியாணி தெரியும்?” என்று கேட்டார் துலுக்காணம்.

“எனக்குத் தெரியும்” என்றாள் செங்கம்மா. “ஆனா இவன் எம் பேச்ச கேக்கமாட்டான். மூடி மூடித் தெறந்துகினே கீறான்.”

“அப்ப இன்னிக்கி நீங்கதான் மாஸ்டர். சீனு, அக்கா சொல்றத செய். நான் வெளிய பாத்துக்கிறேன்.” யாரும் அவருக்கு அந்த அதிகாரம் கொடுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை!

பன்னிரண்டு மணிக்கெல்லாம் கூட்டம் தாங்கவில்லை. பசியோடு வந்த ஜனம் வாசலிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து சமையல்கட்டு வாசலுக்கும் நெருக்கிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் கொதிக்கக் கொதிக்க எலும்பு ரசத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னால் இருந்தவன் தள்ள, முன்னால் குழந்தையோடு நின்ற பெண் தடுமாறினாள்.

“தம்ம்ம்!”

அணிவகுப்பில் நில் என்பதற்கு இந்தியில் போடுகிற உத்தரவு அது. அடிவயிற்றிலிருந்து அவரை அறியாமல் கிளம்பிய குரல். சித்தூர்க் கூட்டத்துக்கு இந்தி புரியாவிட்டால் என்ன, குரல் புரிந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். ரசப் பாத்திரமும் நின்றது.

உள்ளேயும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. தம் போடலாமா, இன்னும் கிளறலாமா என்று மறுபடி மல்லுக்கு நின்ற இருவருக்கும் அது வேறு மாதிரி கேட்டது. “மிலிட்ரி சார் தம் போடச் சொல்லிட்டாரு!” என்று செங்கம்மா மூடியைப் போட, சீனுவே மாவை ஒட்டி, மேலே நெருப்புக் கங்குகளை அள்ளிக் கொட்டினான்.

மூடியாகிவிட்டது, இனி காத்திருக்கத்தான் வேண்டும். துலுக்காணம் கூட்டத்தை வேப்பமர நிழலுக்கு வரிசையாகத் திருப்பினார். குழந்தைக்காரர்களையும் வயசானவர்களையும் முதலில் உட்கார வைத்து ரசம் கொடுக்கச் சொன்னார். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. அண்டாவைத் திறந்தபோது எழுந்த வாசனைக்கு வரிசையே கைதட்டியது!

மூன்று மணிக்கு அண்டா காலி. பிரேமலதா மூச்சு வாங்க வந்தாள். “சமையல் வராதுன்னீங்க, கரெக்டா எப்பிடிண்ணா தம் போடச் சொன்னீங்க?”

“நில்லுன்னு சொன்னேன் மேடம், இந்தில.”

அவள் சிரித்த சிரிப்பில் செங்கம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். “சமையலு செங்கம்மக்காதான். மத்த கட பூரா நீங்க பாத்துக்கங்கண்ணா” என்றாள் பிரேமலதா.

“வாசல்லயா, மேடம்?”

“வாசலா? மேனேஜருக்கு வாசல்ல இன்னா வேல?” சொன்ன சூட்டோடு, மாங்கூழ் தொழிற்சாலை வைத்திருந்த தன் மாமா வரதராஜனுக்குப் போன் போட்டாள். “மாமா, சீசன்ல லாரி எல்லாம் மாட்டிக்குதுன்னு அழுதுகினு இருந்தீங்களே, ஒரு மிலிட்ரி ஆள வெச்சிக்கங்க. இன்னாது, கேட்டுக்கா? கேட்டுக்கு இல்ல மாமா, உள்ள! லாரிய மேய்க்க!” துலுக்காணத்தின் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரிஞ்சவங்க யார்னா கீறாங்களா?”

இருந்தான். ராணுவத்தில் அவரோடு லாரி ஓட்டிய கோவர்த்தனன், திருப்பதியில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் கார் எண்ணிக்கொண்டிருந்தான். துலுக்காணம் அவன் நம்பரைச் சொன்னார். அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டார்.

“சந்தியா, பெட்டியப் பிரிச்சிடு.”

எத்தனை லீவுக்கு வந்தும் அந்தப் பெட்டியை அவள் முழுசாகப் பிரித்ததே இல்லை. “எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். அரிசி கொட்டி வெக்க ஒரு பெட்டி வேணும்னுகினு இருந்தியே, அதுல கொட்டிக்கோ.”

போனில் பெட்டி கவிழ்கிற சத்தமும், அதற்கு மேல் பிரித்திகா போட்ட கூச்சலும் கேட்டன. “நைனா, வரும்போது பிரியாணி எட்த்துகினு வா!”