பதினாலு கிலோ நல்லகாமன்

ஒன்றரை வயதாகியும் மகன் நல்லகாமன் நடக்கவில்லையே என்று திருநகர் ரெங்கம்மாளுக்குத் துளியும் கவலை இல்லை. "நடந்தா சதை கரைஞ்சிரும்" என்று அவள்தான் அவனைத் தரையிலேயே விடுவதில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் மாதர் சங்கம் கொழுகொழு குழந்தைப் போட்டியை அறிவித்ததிலிருந்து இந்தக் கூத்து. பருப்பு, கீரை, முட்டை எல்லாம் எடை ஏற்றாத வெட்டிச் சாப்பாடு என்று நிறுத்திவிட்டு, டப்பாப் பால்மாவில் சீனியைக் கொட்டி ஊட்டினாள்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயின் மகள் பாண்டியம்மாவுக்கும் அதே வயதுதான். அவள் வாயெல்லாம் கீரையோடு தெருவை அளந்துகொண்டிருப்பாள்.

"ஏ சின்னத்தாயி, புள்ள ஈர்க்குச்சியாட்டம் இருக்கே, சோறு போடுறியா இல்லையா?" என்று ரெங்கம்மாள் உச்சுக் கொட்டுவாள்.

போட்டியன்று மகனுக்கு வெள்ளி அரைஞாணும் கொலுசும் மாட்டி, கடைசியாக ஒரு வாழைப்பழத்தையும் திணித்தாள். தராசில் ஏற்றுவதற்குள் பையன் ஒன்றுக்குப் போய்விட்டான்.

"ஐயோ, கால் கிலோ போச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அப்படியும் முள் பதினாலைத் தொட்டது. முதல் பரிசு!

"குழந்தையே நடந்து வந்து வாங்கிக்கட்டும்" என்றார் தலைமை தாங்கிய டாக்டரம்மா.

நாற்காலியில் அரிசி மூட்டைபோல் உட்கார்ந்திருந்த நல்லகாமன், எழ முயன்று முடியாமல் வீறிட்டு அழுதான். சின்னத்தாயோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த பாண்டியம்மா குடுகுடுவென்று மேடைக்கு ஓடி, பரிசான எவர்சில்வர் டம்ளரை வாங்கிவந்து அவன் மடியில் போட்டாள்.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரெங்கம்மாள் முந்திக்கொண்டாள்.

"பாத்தீகளாம்மா? எம்புள்ள இப்பவே ஆள் வச்சு வேலை வாங்குறான்!"