திறக்காத கேசினோவில் எனக்கு ஒரு வேலை

எழுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடி, என் கணவர் என்னைச் சூதாட்ட விடுதிக்கு வேலைக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பஜ்ஜித் தட்டோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் பகீரென்கிறது.

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் என் அதிர்ச்சி புரியும். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடத்துக்குக் கீழேயே இருக்கும் கடையில் கொத்தமல்லி வாங்கக்கூட என்னைத் தனியாக விடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய நண்பர்கள் மூன்று பேர் வருவார்கள். ஹாலில் பெட்ஷீட்டை விரித்து ரம்மி ஆடுவார்கள். பந்தயம் தீக்குச்சி. எனக்கு டியூட்டி சமையலறையில்.

இத்தனைக்கும் அந்த நாலு பேரையும்விட எனக்கு நன்றாக ஆட வரும். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே மத்தியானமானால் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். பாவாடை சட்டை போட்ட வயதிலேயே கட்டைக் கலைத்துப் போடுவது என் வேலை. கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் ஆம்பளைங்க முன்னாடி வேணாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் கேசினோ பேச்சுதான். பெய்ரூட்டில் சண்டை மூண்டுவிட்டது, அங்கே போய்ப் பணத்தை விட்ட பணக்காரர்களெல்லாம் இனி இங்கேதான் வரப்போகிறார்கள், இங்கே ஒன்று, துபாயில் இரண்டு என்று வரிசையாகத் திறக்கும் என்றார்கள். ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிற ஊரில் சூதாட்ட விடுதியா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் கடற்கரையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததை பஸ்ஸிலிருந்து நானே பார்த்தேன்.

எங்கள் கவலை வேறு. கணவரின் சைட் முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்த சைட் கிடைக்காவிட்டால், எங்களை அந்த நாட்டில் வைத்திருந்த முதலாளி, அதாவது கபீல், விசாவை ரத்து செய்துவிடுவார். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்போதுதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. வாராவாரம் ரம்மியில் ஜெயிக்கிற தனக்குக் கேசினோவில் வேலை கிடைக்காமல் போகுமா? தீக்குச்சிக்கு ஆடிய ஆட்டத்தை அனுபவம் என்று உண்மையாகவே நம்பினார்.

நண்பர்களில் ஒருவர், கேசினோவுக்கு ஆள் எடுக்கும் பம்பாய்க்காரர் ஒருவரை அந்த வெள்ளிக்கிழமை அழைத்துவந்தார். பெய்ரூட்டில் அதே தொழிலில் இருந்தவராம். கோட்டு சூட்டோடு பெட்ஷீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அங்கே நீங்கள் ஆட வேண்டியதில்லை" என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். "வருகிறவர்கள் ஆடுவார்கள். நீங்கள் கலைத்துப் போட்டால் போதும். எங்கே, கலைத்துக் காட்டுங்கள்."

இவர் கலைத்தார். பாதிக் கட்டு பறந்து டீ டம்ளரில் விழுந்தது.

எனக்குத் தாங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு சீட்டுகளைப் பொறுக்கினேன். ஈரத்தைத் துடைத்து அடுக்கினேன். பிறகு கை தானாகவே செய்தது. கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களை மடக்கி, சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்றாக விழவிட்டுச் சேர்த்துவைத்தேன்.

"மேடம், இன்னொரு தடவை" என்றார் பம்பாய்க்காரர்.

இன்னொரு தடவை செய்தேன். அவர் என் கணவரிடம் திரும்பி, "பாய், உங்களை எடுக்க முடியாது. மேடத்தை எடுத்துக்கொள்கிறேன். விசா மேடம் பேரில். நீங்களும் கூட இருக்கலாம், அதற்கு நாங்கள் பொறுப்பு" என்றார். டியூட்டி சாயங்காலத்திலிருந்து விடியும்வரை, வேன் வரும், யூனிஃபார்ம் முழங்கால்வரை கறுப்புப் பாவாடை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை என்று அடுக்கினார்.

இவர் எழுந்து கத்தப்போகிறார் என்று நான் பயந்தேன். இவர் கொஞ்சம் யோசித்தார்.

"புடவை கட்டிக்கிட்டு வரலாமா சார்?"

அவ்வளவுதான். அவருடைய ஒரே ஆட்சேபணை அது. புடவை முடியாது என்றார் பம்பாய்க்காரர். "அப்போ சரி" என்றார் என்னை மூன்று வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த மனிதர்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "கொத்தமல்லி வாங்க விடமாட்டீங்க, சூதாட்ட விடுதிக்கு மட்டும் அனுப்புவீங்களா?"

"எல்லாம் விசாவுக்காகத்தானே" என்றார். "ஊர்ல யாருக்குத் தெரியப்போகுது?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கே அதிர்ச்சி. அவர் டியூட்டிக்குப் போனதும் பீரோக் கண்ணாடி முன் நின்று சீட்டுப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். இஸ்திரி போடும் மேஜைதான் கேசினோ மேஜை. எதிரே ஆட்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாக வீசினேன். ஒருநாள் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டுகூடப் பார்த்தேன். என் கால் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. விசாவுக்காக இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து நாலு பேர் என்னைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அதே நண்பர் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து வாசலிலேயே கையை விரித்தார். "கேசினோ கலாஸ், முடிஞ்சுபோச்சு. மேலிடத்துல வேண்டாம்னுட்டாங்களாம். கதவை இழுத்துப் பூட்டியாச்சு. பம்பாய்க்காரர் பஹ்ரைன் போயிட்டாரு."

எனக்கு அழுகை வந்தது. இவரோ சிரித்தார். அந்த வாரம்தான் அவருக்குக் கம்பெனியில் அடுத்த சைட் கிடைத்திருந்தது, விசாவுக்கு இனி பயமில்லை. பெட்ஷீட்டை உதறி விரித்துக்கொண்டே சொன்னார்:

"நல்லவேளை, மானம் தப்பிச்சுது. குடும்பப் பொம்பளை போற இடமா அது?"

முதல் தடவை அவர் "சரி" என்றபோதுகூட நான் இப்படி அதிர்ந்ததில்லை. நண்பர்கள் தலையாட்டினார்கள். இவர் முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை. தான் சொன்னதை முழுசாக நம்பினார்.

நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து வாணலியை ஏற்றினேன். திரும்பி வந்து, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், அவர் உட்காருவதற்கு முன்னால் உட்கார்ந்தேன். கட்டை எடுத்து இரண்டாகப் பிரித்தேன்.

"என்ன பண்றே?" என்றார்.

"மாவு கரைச்சு வெச்சிருக்கேன், எண்ணெய் காயுது" என்றேன். "போய் பஜ்ஜியைப் போடுங்க."

நண்பர்கள் மூன்று பேரும் பெட்ஷீட்டைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்குச் சீட்டுப் போட ஆரம்பித்தேன். எண்ணெய் புகைகிற வாசனை வந்ததும் அவர் உள்ளே போனார்.