மிச்சமான எரிபொருள்

வெயிலில் சூடேறிய பேனர் ஷீட்டின் வாசனை வந்தால் போதும், எனக்குத் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. போன வாரம் திருத்தணி மார்க்கெட்டில் கொய்யாக் கடைக்காரர் யாருடைய கல்யாண பேனரையோ நிழலுக்குக் கட்டியிருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பழம் வாங்காமலே நடையைக் கட்டினேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

எனக்கும் ஒரு பேனர் இருந்தது. கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பில், டீக்கடையை ஒட்டி. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் பாவா, ஆசை ஆசையாக வைத்தது. ‘நிலவுக்கு வழி போட்ட எங்கள் வீட்டுப் பெண்’ என்று எழுதி, காலேஜ் அடையாள அட்டையில் இருந்த என் மூஞ்சியைப் பெரிதாக்கியிருந்தார். திருட்டு முழி அப்படியே பெரிதாகியிருந்தது.

என் வேலை அத்தனை பெரிதில்லை. பெங்களூரில் ஒரு சின்ன அலுவலகம். நிலவுக்குப் போகும் கலம் எந்தப் பாதையில் போனால் எரிபொருள் குறையும் என்று கணக்குப் போடுவோம். நேராக விரட்டினால் சீக்கிரம் போய்விடும், ஆனால் எரிபொருள் கட்டுப்படியாகாது. அதனால் பூமியையே சுற்றவிட்டு, கிட்டே வரும்போதெல்லாம் என்ஜினைக் கொஞ்சம் எரித்து, சுற்றை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் நிலவின் இழுப்பில் விட வேண்டும்.

பாவாவுக்குப் பொறுமை இல்லை. தினமும் ஃபோன்.

“இன்னாம்மா, இன்னும் இங்கியே சுத்திகினு இருக்குது?”

“ஊஞ்சல் மாதிரி பாவா. கீழ வேகமா வர்றப்போ தள்ளுனாத்தான் நல்லா ஏறும்.”

“ஆங், புரிஞ்சிச்சி” என்பார். மறுநாள் டீக்கடையில் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி விளக்குவாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கலம் நிலவைப் பத்திரமாகச் சென்று சேர்ந்தது. நினைத்ததைவிட எரிபொருளும் மிச்சம். ஆனால் இறங்கும்போது விழுந்து நொறுங்கிவிட்டது. இறக்குவது வேறு குழுவின் பொறுப்பு. எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, ‘நம்ம பங்கு சரியாத்தானே இருந்துச்சு’ என்றுதான் என் மனசு முதலில் சொன்னது. அழுகை அப்புறம்தான் வந்தது. அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். யார் கண்ணிலும் படாமல் ஆட்டோ பிடித்துப் போய்விடலாம் என்று பார்த்தால், திருத்தணி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பைக்கோடு பாவா நிற்கிறார். என் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். கண்டிகை வருவதற்கு முன்பே வண்டியைக் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார்.

“ஏன் பாவா இப்படி?”

“அந்தாண்ட ரோடு வேல நடந்துகினு இருக்குதும்மா.”

திரும்பும்போதே பார்த்துவிட்டேன், ஒரு வேலையும் நடக்கவில்லை. தூரத்தில் டீக்கடைப் பக்கம் பேனர் அப்படியே தெரிந்தது. அதைக் கழற்றவும் அவருக்கு மனசு வரவில்லை, என் கண்ணில் காட்டவும் மனசு வரவில்லை. எரிபொருளை மிச்சம் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த எனக்காக, அந்த மனுஷன் பெட்ரோலை எரித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் குன்றிப்போனேன்.

பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே கேட்டார். “பெட்ரோலு மிச்சம்னு சொன்னியேம்மா. அத்த வெச்சிகினு, பேசாம ஊட்டுக்குத் திரும்பி வந்திருக்கக் கூடாதா அது?”

அந்த மிச்சம் அதற்குக் காணாது என்று எனக்குத் தெரியும்.

பிறகு எங்கள் அடுத்த கலம் நல்லபடியாக இறங்கியது. முதல் ஃபோன் பாவாவுக்குத்தான் போட்டேன். எத்தனை சுற்று, எப்போது தள்ளினீர்கள், எவ்வளவு மிச்சம் என்று குடைந்தெடுப்பார் என எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

“சந்தோசம்மா” என்றார். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. எங்கே கேட்டால் எனக்கு வலிக்குமோ என்று அந்தக் கரும்புத் தோட்டத்துப் பாதையோடு கேள்வியை நிறுத்திக்கொண்டவர், நிறுத்தியதுதான்.

அப்புறம், “சாப்ட்டியா?” என்றார்.

“சாப்ட்டேன் பாவா” என்றேன்.