பின்தங்கிய பகுதிக்கு எல்லை போட்ட கதை

படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்: உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிற வீட்டில்தான் சங்கடமான கேள்வி காத்திருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் எனக்கு அந்த வேலை. வசதி குறைந்த இடங்களுக்கு எல்லை குறித்து, அதற்குள் மட்டும் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கூரைக்கு ஓடு கொடுப்பது என்று ஒரு திட்டம். எல்லைக்குள் யார் யார் என்று எழுதிவருவது என் பொறுப்பு.

கோடு போன வழி

பிள்ளையார்பாளையத்தில் வரைபடத்துக் கோடு ஒரு நெசவாளியின் வீட்டுக்கு நடுவில் போனது. தறி இருந்த முன்கட்டு திட்டத்துக்குள், சமையல்கட்டு வெளியே. கூரை இரண்டுக்கும் ஒன்றுதான், அதுவும் ஒழுகியது. தறியில் பட்டு நனையாமலிருக்க நெசவாளியின் மனைவி சரசா மேலே சாக்கு கட்டியிருந்தாள். நான் விதியை விளக்கினேன். அவள் கோபப்படவில்லை, அக்கறையாகக் கேட்டுவிட்டு, "தறியாண்ட உக்காந்தா நாங்க ஏழை, அடுப்பாண்ட போனா இல்ல. அப்படித்தானேம்மா?" என்றாள்.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் ரப்பரால் அழித்துக் கோட்டை வளைத்தார்; சரசா வீட்டுக்கு ஓடு கிடைத்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காக நான் போய் நின்றேன். அதற்கடுத்த வாரம் அதற்கும் பக்கத்து வீட்டுக்காக. அவர் ரப்பரை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். "இப்படியே வளைச்சிக்கினு போனா கோடு ஊரத் தாண்டி தாமல் ஏரியிலதாம்மா போய் நிக்கும்."

முதல் தேவை

செவிலிமேட்டுப் பக்கம் ஒரு காலனி; எல்லோரும் கூலிவேலை செய்பவர்கள். 'உங்கள் பகுதியின் முதல் தேவை என்ன?' என்பது கேள்வி. அங்கே குழாயே கிடையாது, அதனால் 'தண்ணீர்' என்று நானே எழுதப் போனேன். நடவு வேலைக்குப் போகும் அஞ்சலை தடுத்தாள். தெருவுக்கு ஒரு பெயர் வேண்டுமாம். அவள் மகள் ரோஸியை நர்ஸ் பயிற்சிக்கு வரச் சொல்லி அனுப்பிய கடிதம், விலாசம் புரியாமல் திரும்பிப் போயிருந்தது. தேதி முடிந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

தனித்தாளில் எழுதிக் கொடுத்து ஆறு மாதம் நச்சரித்தேன். பெயர்ப்பலகை வந்தது. மறு வருஷம் ரோஸிக்குக் கடிதமும் வந்தது. அவள் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, "தண்ணீரைவிடவா பெயர் முக்கியம்?" என்று அஞ்சலையைக் கேட்டேன். "தண்ணிய எங்கனா போய் தூக்கிக்கினு வந்துடுவேம்மா. கடுதாசிய எங்க போய் தூக்குறது?"

குழாயடி

பிறகு காலனிக்குக் குழாயும் வந்தது. அந்தக் கோடையில் பக்கத்துப் பெரிய தெருவின் கிணறு வற்றியது. அந்தத் தெரு எல்லைக்கு வெளியே, ஆகவே குழாய் கிடையாது. அதுவரை காலனிப் பெண்கள் அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. யாராவது இரைத்து ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும்.

நான் குழாயைப் பார்வையிடப் போன காலையில், பெரிய தெருப் பெண்கள் மூன்று பேர் குடங்களோடு வந்து சற்றுத் தள்ளியே நின்றார்கள். என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு ஒரே ஆவல், கொஞ்சம் பயமும்கூட. அஞ்சலை தன் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு விலகி வழிவிட்டாள். "வாங்கம்மா, நீங்களே புடிச்சிக்குங்க. இங்க ஊத்தறதுக்குன்னு யாரும் இல்ல."

மூன்று வருஷத்தில் நான் நிரப்பிய படிவங்கள் ஒரு பீரோ கொள்ளும். மேலே சொன்ன எதையும் எழுத அவற்றில் ஒரு கட்டம்கூட இல்லை.